வாயிலில் ஒரு நந்தி

மயிலை கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில், மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி சேவை. பொழுது புலர்வதற்கு முன்பே மாட வீதிகள் நிறைந்துவிடும். காளை முகமும் மனித உடலும் கொண்ட நந்தியெம்பெருமான் மீது கபாலீசுவரர் கோபுர வாயிலைக் கடந்து வீதிக்கு எழுந்தருளும் அந்த ஒரு கணத்துக்காகவே, முதல் நாள் இரவே வந்து உறவினர் வீடுகளில் தங்குவோர் உண்டு. வங்கிப் பணியில் மாறுதலாகி வெளியூரில் இருந்த ஆண்டுகள் நீங்கலாக, நான் இந்தச் சேவையைத் தவறவிட்டதில்லை.

சென்ற ஆண்டும் நின்றிருந்தேன். வாயிலில் தீவட்டி வெளிச்சம் தெரிந்தது. நாகசுரம் ஒலித்தது. "கபாலி, கபாலி" என்ற குரல் எழுந்தது. உடனே ஆயிரம் கைகள் மேலே உயர்ந்தன. முன்பெல்லாம் அந்தக் கைகள் தலைக்கு மேல் குவியும். இப்போது ஒவ்வொரு கையிலும் ஒரு சிறு திரை ஒளிர்ந்தது. அடுத்தவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கைகளில் ஒன்று என்னுடையது. நான்கு நிமிடம் படம் பிடித்தேன். திரையின் நடுவே சுவாமி சரியாக இருக்கிறாரா, முன்னால் நிற்பவரின் தலை மறைக்கிறதா என்பதிலேயே கருத்தாக இருந்தேன். சுவாமி திரும்பித் தெற்கு நோக்கி நகர்ந்த பிறகு, நின்ற இடத்திலேயே அந்தக் காணொளியை மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினேன்.

வீட்டில் என் மனைவி காத்திருந்தாள். முழங்கால் வலியால் ஆறு ஆண்டுகளாக அவளால் அந்தக் கூட்டத்தில் நிற்க இயலாது. கைபேசியை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை.

"படம் இருக்கட்டும். நீங்க என்ன பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க. சுவாமிக்கு இன்னிக்கு என்ன மாலை?"

எனக்குத் தெரியவில்லை.

"அம்பாளுக்கு என்ன நிறத்துல புடவை?"

அதுவும் தெரியவில்லை. மல்லாரி வாசித்தார்களா என்று கேட்டாள். இளம் வயதில் முறையாகப் பாட்டுக் கற்றவள் அவள். வாசித்திருப்பார்கள் என்றேன். "இருப்பார்கள்" என்ற அந்த ஒரு சொல்லில் என் குட்டு வெளிப்பட்டது. விடை தேடுவதற்காக, நான் நேரில் நின்று தரிசித்துவிட்டு வந்த சுவாமியை, கைபேசியைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. பார்த்தபோது பாதி நேரம் முன்னால் நின்றவரின் கைபேசிதான் தெரிந்தது. மல்லாரி கூட்டத்தின் இரைச்சலில் அமிழ்ந்து போயிருந்தது.

அன்று மாலை, வங்கிக்காரனின் பழைய வழக்கப்படி கணக்கெடுத்தேன். என் கைபேசியில் தீபாராதனை, புறப்பாடு, அபிஷேகம் என 346 காணொளிகள் இருந்தன. அவற்றுள் நான் மறுமுறை பார்த்தவை ஆறோ ஏழோதான். வட்டி தராத வைப்புநிதி என்று சொல்லலாம். அசலும் கையில் இல்லை என்பதுதான் வருத்தம்.

நந்தியின் பணி

அதிகார நந்தியின் 'அதிகாரம்' எது என்பதை நம்மில் பலரும் அறிவோம். கயிலையின் வாயிற்காவலர் அவர். தேவரும் முனிவரும் முண்டியடித்து வந்தாலும், கையில் பிரம்புடன் நின்று முறைப்படுத்துபவர். அவர் அனுமதி பெற்றே இறைவனிடம் செல்ல வேண்டும். இன்றும் சிவாலயத்தில் நந்தியை வணங்கி உத்தரவு கேட்டுக்கொண்ட பிறகே உள்ளே போகிறோம். ஆனாலும் அவர் கல்மனம் கொண்ட காவலர் அல்லர். வைத்தீசுவரன் கோயிலுக்கு அருகே திருப்புன்கூரில், வெளியே நின்ற திருநாளைப்போவாருக்கு இறைவன் திருவுரு தெரிய வேண்டும் என்பதற்காக, சிவன் ஆணைப்படி விலகி இருந்தவரும் அவரே. அங்கே நந்தி விலகியிருப்பதை இன்றும் காணலாம். யாரைக் காக்க வைப்பது என்பது தெரிந்தது போலவே, யாருக்கு வழிவிடுவது என்பதும் அவருக்குத் தெரியும்.

எங்கள் வங்கிக் கிளையிலும் ஒரு நந்தி இருந்தார். மேலாளர் அறை வாயிலில் முக்காலி போட்டு அமர்ந்திருந்த கடைநிலை ஊழியர். "ஐயா கணக்கு நேர் பண்ணிட்டிருக்கார், அஞ்சு நிமிஷம் உட்காருங்க" என்பார். கடன் கேட்டு வரும் செல்வந்தரும் உட்காருவார். ஆனால் ஓய்வூதியம் வாங்க வந்த மூதாட்டி ஒருவர் மயக்கமாகச் சாய்ந்தால், கதவைத் தட்டாமலே திறந்து உள்ளே வருவார். நான் மேலாளராக இருந்த ஆண்டுகளில் என் கணக்குகள் தவறாமல் முடிந்தமைக்கு என் திறமையைவிட அவருடைய முக்காலியே காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

கைபேசி அந்த முக்காலியை அப்புறப்படுத்திவிட்டது. சந்தியாவந்தனம் செய்யும்போதும், உணவு உண்ணும்போதும், உறங்கப் போகும்போதும், யார் வேண்டுமானாலும் நம் மனத்தின் கருவறை வரை நேரே வந்துவிடலாம். தெரிந்தவர், தெரியாதவர், விற்பவர், வம்பு பேசுபவர், திருடுபவர் என எவருக்கும் தடை இல்லை. வயதான நாம் வேகம் மிகுந்த இந்த உலகத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிறோம். நம் வீட்டுக்குள் அந்த வேகம் நுழைந்த வாயில் எதுவென்று பார்ப்பதில்லை.

இரண்டாவது சாவி

இதை வெறும் மன அமைதிக்கான பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, ஒரு துயரத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னுடன் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர். கடன் பிரிவில் கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். போலி ஆவணத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு காலை, பூஜைக்கு மலர் தொடுத்துக்கொண்டிருந்தவருக்கு ஓர் அழைப்பு. அவர் பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்ததாம். சற்று நேரத்தில் காணொளி அழைப்பில் சீருடை அணிந்த ஒருவர் தோன்றினார். "விசாரணை முடியும்வரை கேமராவை அணைக்கக் கூடாது, அறையை விட்டு நகரக் கூடாது, வீட்டில் எவரிடமும் சொல்லக் கூடாது" என்றார். இரண்டு நாட்கள். அறைக் கதவு சாத்தியிருந்தது. அவர் இணையத்தில் ஏதோ உபந்நியாசம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எண்ணி, அவர் மனைவி சத்தமில்லாமல் காப்பியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் நாள், "சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவோம்" என்ற சொல்லை நம்பி, பணிக்கொடையாக வந்த தொகையிலிருந்து போட்டிருந்த வைப்புநிதியை முதிர்வுக்கு முன்பே முறித்து அனுப்பிவிட்டார்.

காவல் துறையோ, மத்தியப் புலனாய்வு அமைப்போ, நீதிமன்றமோ காணொளி அழைப்பில் எவரையும் கைது செய்வதில்லை. 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமர் தமது 'மனதின் குரல்' வானொலி உரையில் இதை எடுத்துச் சொல்லி, நில்லுங்கள், யோசியுங்கள், பிறகு செயல்படுங்கள் என்ற பொருளில் மூன்று படிகளை அறிவுறுத்தினார். என் நண்பரும் அந்த உரையைக் கேட்டவர்தான். "எல்லாம் தெரியும் சார். ஆனா யோசிக்க ஒரு நிமிஷம்கூடக் குடுக்கல" என்றார் என்னிடம். அவர் குரல் அப்போது அடைத்துக்கொண்டது.

எங்கள் காலத்து வங்கி மெதுவானது. காசோலையைக் கொடுத்தால் பித்தளை வில்லை ஒன்றைத் தருவார்கள். பேரேட்டில் ஒருவர் பதிவார், இன்னொருவர் கையொப்பத்தைச் சரிபார்ப்பார், பிறகே காசாளர் அழைப்பார். வெளியூர்க் காசோலை பணமாவதற்கு வாரங்கள் ஆகும். வாடிக்கையாளர்கள் சலித்துக்கொள்வார்கள், நாங்களும்தான். ஆனால் அந்தத் தாமதத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள் உண்டு. இரண்டும் வெவ்வேறு இரு அதிகாரிகளிடம் இருக்கும். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் மீது சந்தேகம் என்பதால் வைத்த ஏற்பாடு அல்ல அது. தனியாக இருக்கும்போது எந்த மனிதனும் அச்சத்தாலோ ஆசையாலோ தடுமாறக்கூடும் என்பதை அறிந்தவர்கள் வகுத்த முறை.

2016-இல் யுபிஐ வந்த பிறகு, பணம் ஒரு நொடியில் போகிறது. பூக்காரம்மாவுக்குச் சில்லறை தேட வேண்டாம் என்பது பெரிய வசதி. நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தப் பழைய இரண்டாவது சாவி எங்கே போயிற்று? நம் வீட்டில் அது வாழ்க்கைத் துணையிடமோ, மகளிடமோ, அடுத்த வீட்டு நண்பரிடமோ இருக்கிறது. "எவரிடமும் சொல்லாதே" என்று மோசடிக்காரன் முதலில் சொல்வது ஏன் என்பது இப்போது புரியும். அந்தச் சாவியைத்தான் அவன் முதலில் அப்புறப்படுத்துகிறான். அடுத்ததாக, நேரத்தை. என் நண்பருக்கு அடுத்த அறையில், சுவருக்கு அந்தப் பக்கம், இரண்டாவது சாவி காப்பி போட்டுக்கொண்டிருந்தது.

1930 என்ற எண்ணுக்குப் புகார் தெரிவித்ததில் ஒரு பகுதித் தொகை இடைவழியில் முடக்கப்பட்டது. மீதி போனது போனதுதான். இழந்த உடனே அந்த எண்ணை அழைப்பது மிக முக்கியம். மணி நேரங்கள் கடந்தால் பணம் பல கணக்குகளுக்குச் சிதறிவிடும். இதில் ஒன்றுதான் அவசரப்பட வேண்டிய காரியம். பணத்தைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறு. வெட்கத்தால் அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பிரதோஷத்தன்று நாங்கள் வழக்கமாக அமரும் இடத்தில் அவர் இருக்கை பல மாதங்கள் வெறிச்சோடிக் கிடந்தது.

மார்கழியில் எடுத்த நோன்பு

மார்கழி பிறப்பதற்கு முன், திருப்பாவையை மீண்டும் பொருளோடு படித்துக்கொண்டிருந்தேன். முப்பது பாசுரங்களில் இரண்டாவது பாசுரம் நோன்பின் விதிகளைச் சொல்வது. எவற்றைச் செய்வோம், எவற்றைச் செய்யமாட்டோம் என்று ஆய்ச்சியர் கூடி முடிவு செய்கிறார்கள். நெய்யும் பாலும் தள்ளுகிறார்கள். விடியலில் நீராடுகிறார்கள். மையும் மலரும் வேண்டாம் என்கிறார்கள். இல்லாதவர்க்கு இயன்றவரை கொடுக்கிறார்கள். இவற்றிடையே ஒரு விதி என்னை நிறுத்தியது: தீய புறஞ்சொற்களைக் கொண்டுசென்று சொல்லமாட்டோம் என்கிறார்கள். அதாவது, கேட்டதை மற்றவருக்குக் கடத்தமாட்டோம் என்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த ஆண்டாளுக்கு, என் வாட்ஸ்அப் குழுக்களின் நிலை எப்படித் தெரிந்தது என்று வியந்தேன்.

ஆய்ச்சியர் ஊரை விட்டுக் காட்டுக்குப் போகவில்லை என்பதையும் கவனித்தேன். கறவைகளும் கன்றுகளும் உள்ள தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். முப்பது நாட்களுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டார்கள், அவ்வளவே. கைபேசியைத் தூக்கி எறி என்று உபதேசிக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருவதுண்டு. எறிந்துவிட்டு எரிவாயு உருளைக்கு எப்படிப் பதிவு செய்வது? துறவு எல்லோருக்கும் இயலாது. நோன்பு எல்லோருக்கும் இயலும்.

நான் வகுத்துக்கொண்ட விதிகள் சிறியவை. கூடத்தின் வாயிலருகே சுவரில் ஒரு மாடம் உண்டு. பழைய நாளில் விளக்கு வைத்த இடம். கைபேசிக்கு அதுவே இருப்பிடம். எழுந்தது முதல் பூஜை முடிந்து ஒரு நாழிகை கழியும் வரை அதைத் தொடுவதில்லை. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அரை மணி என்று சொல்லியிருக்கலாம். நாழிகை என்று சொன்னால் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருக்கத் தோன்றுவதில்லை. உண்ணும்போது அது மாடத்திலேயே இருக்க வேண்டும். என்னால் உறுதி கூற இயலாத எந்தச் செய்தியையும் பிறருக்கு அனுப்புவதில்லை. பணம் தொடர்பாக எந்த அழைப்பு வந்தாலும், "என் மனைவியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்பதைத் தவிர வேறு விடை கிடையாது.

முதல் நான்கு நாட்கள் பெரும் திண்டாட்டம். கை தானாகவே சட்டைப் பையைத் தொடும். ஒலிக்காத கைபேசி ஒலிப்பது போல் இருக்கும். ஐந்தாம் நாள், இராகுகாலம் எப்போது என்று பார்ப்பதற்காக எடுத்தேன். அது ஓர் அற்பச் சாக்கு. திங்கட்கிழமை இராகுகாலம் எனக்கு மனப்பாடம். முக்கால் மணி நேரம் கழித்து, எங்கோ ஒரு ஊரில் யானை ஒன்று பலாப்பழம் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே கடைக்குப் போய்ப் பாம்புப் பஞ்சாங்கம் ஒன்று வாங்கினேன். விடியலில் எழுப்பும் மணிக்காகத்தானே கைபேசி தலைமாட்டில் இருக்கிறது என்று அடுத்த சாக்கு எழுந்தது. பழைய டைம்பீஸைப் பழுது பார்க்கக் கொடுத்தேன். மணி பார்க்க என்ற சாக்குக்காக, அலமாரியில் கிடந்த கைக்கடிகாரத்துக்குப் புதிய மின்கலம் போட்டேன். இப்படி ஒவ்வொரு சாக்கையும் தனித்தனியே விடுவிக்க வேண்டியிருந்தது. அடகு நகையை மீட்பது போல.

என் மனைவி இந்த நோன்பில் சேர மறுத்துவிட்டாள். "எங்க அக்கா தினமும் காலையில கூப்பிடுவா. எண்பது வயசு. அவ குரல் கேட்கலைன்னா எனக்குப் பூஜையில மனசு ஓடாது. உங்க நோன்பு உங்களோட இருக்கட்டும்" என்றாள். முதலில் எனக்குச் சற்றே வருத்தம். பிறகு திருப்புன்கூர் நினைவுக்கு வந்தது. என் பேத்தி சிகாகோவில் இருக்கிறாள். குளிர்காலத்தில் நமக்குக் காலை ஏழு மணி என்றால், அங்கே முந்தைய நாள் இரவு ஏழரை. அவள் உண்டு முடித்துத் தாத்தாவை அழைப்பது அப்போதுதான். அந்த அழைப்புக்கும் மாடத்தில் பூட்டுப் போடுவது என்ன பக்தி? அடுத்த வீட்டு இளைஞனிடம் சொன்னேன். ஐந்து எண்களிலிருந்து வந்தால் மட்டும் மணி ஒலிக்கவும், மற்றவை ஓசையின்றிக் காத்திருக்கவும் அவன் இரண்டு நிமிடத்தில் அமைத்துத் தந்தான். குழுக்கள் அனைத்தின் அறிவிப்புகளையும் நிறுத்தினான். இதற்கு ஒரு செயலியும் வாங்க வேண்டியதில்லை. எல்லாக் கைபேசிகளிலும் உள்ள வசதிதான். தனியாக வசிக்கும் முதியோர், இரவில் கைபேசியை வேறு அறையில் வைக்கவே கூடாது. கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். உதவிக்கு வருவோரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி அமைத்துக்கொண்டால் போதும்.

கைபேசி தந்த நன்மையை மறுப்பதற்கில்லை. 2020-இல் பெருந்தொற்றால் ஆலயங்கள் அடைபட்டிருந்தபோது, நேரலை ஒளிபரப்பில்தான் நாங்கள் உற்சவங்களைக் கண்டோம். என் மனைவி இன்றும் கால் வலி மிகுந்த நாட்களில் அப்படித்தான் சேவிக்கிறாள். ஆனால் அவள் அதைப் பார்க்கும் முறை வேறு. விளக்கேற்றிவிட்டு, நாற்காலியில் நேராக அமர்ந்து, தீபாராதனைக்குக் கை கூப்புவாள். நடுவில் வேறு எதையும் திறக்கமாட்டாள். திரை வழியே அவள் பெற்ற தரிசனம், நேரில் நின்ற எனக்குக் கிட்டவில்லை.

மார்கழி பாதி கடந்தபோது, வங்கி நண்பர்களின் குழுவில் என் 'காலை வணக்கம்' படங்கள் வராததைக் கண்டு ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். உடம்புக்கு என்னவோ என்று கவலைப்பட்டிருக்கிறார். ஓராண்டாகத் தினமும் படம் அனுப்பிக்கொண்ட நாங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லை. அன்று அரை மணி நேரம் பேசினோம். அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நாட்களிலும் அவர் குழுவில் மலர்ப் படங்களை அனுப்பிக்கொண்டுதான் இருந்தாராம்.

மிச்சமான காலையில் ஒரு குறிப்பேடு எடுத்து, சிவநாமத்தைக் கையால் எழுதத் தொடங்கினேன். லிகித ஜபம் நம் பெரியோர் காட்டிய எளிய வழி. முதல் பக்கத்தைப் பார்த்து வெட்கினேன். ஒரு காலத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கையொப்பம் இட்ட கை, ஒரு பக்கம் எழுதுவதற்குள் கோணிற்று. பொங்கலுக்குள் எழுத்து ஓரளவு நேரானது. வேகமாக எழுதினால் எழுத்து கெடுகிறது, எழுத்து கெட்டால் நாமமும் மனத்தில் நிற்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

விடியலில் மாட வீதிகளில் பஜனைக் குழுவினருடன் நடந்தேன். பாபநாசம் சிவன் அவர்கள் மார்கழி தோறும் பாடி வலம் வந்த வீதிகள் அவை. அவர் 1973-இல் சிவபதம் எய்தினார். வீதிகள் அந்தப் பழக்கத்தை மறக்கவில்லை. அதிகாலையில் அழைப்பதில் பயனில்லை என்பதால், ஒரு நாள் நேரிலேயே போய் என் நண்பரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் மனைவிதான் திறந்தார். "நாலு மாசமா வெளியில காலெடுத்து வைக்கல அண்ணா. நீங்க கூப்பிட்டா வருவார்" என்றார். வந்தார். முதல் நாள் வரிசையின் கடைசியில், தலையைக் குனிந்தபடி நடந்தார். எவரும் எதையும் கேட்கவில்லை. நான்காம் நாள் அவர் கையில் யாரோ ஜால்ராவைக் கொடுத்தார்கள். பிறகு ஒரு நாளும் அவர் கடைசியில் நடக்கவில்லை.

மீண்டும் பங்குனி

திருச்செந்தூர் ஆலயம் தொடர்பான வழக்கில், 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்ய அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 முதலே அந்தத் தடை உண்டு. திருமலையிலும் கைபேசியை ஒப்படைத்துவிட்டுத்தான் வரிசைக்குச் செல்ல வேண்டும். ஆனால் வீதியில் எழுந்தருளும் சுவாமிக்கு முன் அப்படி ஒரு தடையும் இல்லை. அங்கே காவல் நம்முடையது.

இந்த ஆண்டு மூன்றாம் நாள், கைபேசியை மாடத்தில் வைத்துவிட்டு, என் நண்பருடன் ஐந்து மணிக்கே போய் நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். பையில் எடுத்துப் பார்க்க ஒன்றும் இல்லாததால், காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதே புதிதாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற மூதாட்டி அரக்கோணத்திலிருந்து வந்தவர். தன் பேரனுக்கு, நந்தி ஏன் கைலாச வாசலில் நிற்கிறார் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் கேட்டோம். கிழக்கே வானம் வெளுத்தது. வாயிலில் வெளிச்சம் அசைந்தது. வழக்கம் போல் எல்லாக் கைகளும் திரையோடு உயர்ந்தன. அவற்றின் இடையே கிடைத்த சந்தில் நாங்கள் இருவரும் பார்த்தோம். நண்பர் கை கூப்பியபடியே விம்மினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு அவரையும் அழைத்து வந்தேன். என் மனைவி காப்பியை வைத்துவிட்டு எதிரே அமர்ந்தாள். "சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். கதவு திறந்தபோது முதலில் தெரிந்தது எது, சுவாமி வாயிலில் எத்தனை நேரம் நின்றார், குடை எப்படிச் சுழன்றது, அம்பாளின் அரக்குப் புடவையில் கரை எவ்வளவு அகலம், சிங்காரவேலர் வரும்போது எந்தப் பக்கத்திலிருந்து வெயில் விழுந்தது என்று சொல்லிக்கொண்டே போனேன். மல்லாரி பற்றிக் கேட்டாள். இராகத்தின் பெயர் எனக்குத் தெரியாது; காதில் நின்றதை அப்படியே முனகிக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டு, "கம்பீர நாட்டை" என்றாள்.

"மாலை?"

"வெண்சாமந்தி. நடுநடுவே மரிக்கொழுந்து."

"விருட்சியும் இருந்தது அண்ணி" என்றார் நண்பர். "நடுவுல மூணு இடத்துல சிவப்பா கொத்துக் கொத்தா வெச்சிருந்தா. சார் அதைப் பார்க்கல."

இரண்டு இடமா மூன்று இடமா என்று நாங்கள் வாதிட்டுக்கொண்டிருந்தோம். ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு, வேறு போட்டுத் தருவதற்காக அவள் சுவரைப் பிடித்தபடி மெல்ல எழுந்தாள்.